நூறு கோழிக்கு ஒரு குப்பி

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆணி போக மிச்ச நேரம் கோழி. இதுக்கு நடுவுல, "நானும் வீட்டுல கோழி வளர்க்கலாம்னு இருக்கேன், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"ன்னு கேக்குறவங்க எண்ணிக்கை கூடிக்கிட்டே போகுது. பெரும்பாலும் நம்ம இனம்தான், பொட்டி தட்டுறவங்க. வீட்டுலேர்ந்தே வேலை, ஊர்ல கொஞ்சம் காலி இடம், அதுல எதையாச்சும் பண்ணணும்கிற அரிப்பு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே பதிவா போட்டுடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

கூண்டு, ரகம், தீவனம்னு நீங்க கேக்குறதை எல்லாம் சொல்றேன். ஆனா இதுல யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. பதிவோட பின்பாதி முழுக்க அதுதான். முன்பாதியை மட்டும் படிச்சுட்டு எஸ்கேப் ஆயிடாதீங்க.

எங்க இடம் கோபிச்செட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவுல ஒரு சின்ன ஊர். அமுச்சி வீடு. 2023-ல அப்புச்சி தவறினதுக்கு அப்புறம் அமுச்சி தனியா இருக்க வேண்டாம்னு நான் இங்க வந்துட்டேன். வாரத்துல ஒரு நாள் கோயமுத்தூர் ஆபீஸ், மத்த நாள் எல்லாம் திண்ணையில லேப்டாப். வீட்டுக்குப் பின்னாடி எட்டு சென்ட் சும்மா கிடந்துச்சு. ஒரு முருங்கை, ரெண்டு தென்னை, அப்புச்சி காலத்துச் சாமான் கொட்டாய்.

முதல்ல கணக்கு. கோழின்னதும் எல்லாரும் எக்செல் ஷீட்டைத்தான் திறக்கிறாங்க, நானும்தான். நாட்டுக்கோழி ஒண்ணு வருஷத்துக்கு அறுபதுலேர்ந்து எண்பது முட்டை போடும். பண்ணையில இருக்கற வெள்ளை லெகார்ன் முந்நூறு தாண்டும். நாட்டுக்கோழி சோம்பேறின்னு அர்த்தம் இல்ல. பத்துப் பதினஞ்சு முட்டை வெச்சதும் அது அடைக்கு உக்காந்துடும். எங்க ஊர்ல அதை அவயம்னு சொல்வாங்க. 21 நாள் அவயம், அப்புறம் ரெண்டு மாசம் குஞ்சுகளோட மேய்ச்சல். அந்த மூணு மாசமும் முட்டை கிடையாது. முறையான பிரசவ விடுப்பு. நம்ம கம்பெனிங்களை விட நல்ல பாலிசி. :-)

ஆக அஞ்சு பொட்டைக்கோழி, ஆளுக்கு எழுபது முட்டைன்னா வருஷத்துக்கு 350. முட்டை பதினஞ்சு ரூபாய்னு வெச்சாலும் 5,250 ரூபாய். எனக்குக் கூண்டுக்கு மட்டும் ஆனது பதினோராயிரம். அதாவது தீவனத்தைக் கணக்குல சேர்க்காமலே கூண்டுக் காசு திரும்பி வர ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். "முட்டை செலவு மிச்சமாகும்"னு வீட்டுல சொல்லி அனுமதி வாங்கறவங்க சாமர்த்தியமா வேற காரணம் யோசிச்சு வெச்சுக்குங்க.

அடுத்தது ரகம். முட்டைதான் முக்கியம்னா கிராமப்பிரியா, இறைச்சியும் வேணும்னா வனராஜா. ரெண்டும் ஹைதராபாத்ல இருக்கற மத்திய அரசோட கோழி ஆராய்ச்சி நிறுவனம் புழக்கடைக்குன்னே உருவாக்கினது. நம்ம நாட்டுக்கோழியில பெருவிடை, சிறுவிடைன்னு ரெண்டு சொல்வாங்க. ஆரம்பிக்கிறவங்களுக்கு என் ஓட்டு சிறுவிடைக்கு. உருவம் சின்னது, தீனி கம்மி, தானா மேயும், தானா அடை காக்கும், பருந்தைப் பார்த்தா குரல் குடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள்ள இழுத்துக்கும். கிராமப்பிரியா கிட்ட அடை காக்குற புத்தியை எதிர்பார்க்காதீங்க. அதிக முட்டைக்காக வளர்த்தெடுத்த ரகங்கள்ல அந்த குணத்தைத்தான் முதல்ல குறைச்சிருப்பாங்க.

அஞ்சாறோட ஆரம்பிங்க. சேவல் இல்லாமலும் முட்டை வரும், குஞ்சு மட்டும் வராது. சென்னையில, கோயமுத்தூர்ல பக்கத்துப் பக்கத்து வீடா இருக்கறவங்க சேவலை யோசிச்சு வாங்குங்க. அது விடியற்காலையில மட்டும் கூவும்னு நினைச்சா தப்பு. எங்க சேவல் ஆன்சைட்காரங்களோட கால் இருக்கும்போது எல்லாம் கூவும். அந்தப் பக்கத்து டேமேஜர் ஒரு தடவை ரொம்ப மரியாதையா கேட்டார், "டீம்ல புதுசா யாராவது சேர்ந்திருக்காங்களா?"

கூண்டு. வலைன்னா அறுகோணக் கண்ணு வெச்ச மெல்லிசுக் கம்பி வலையைத்தான் கடையில காட்டுவாங்க. அது கோழி வெளிய போகாம தடுக்கும், கீரி உள்ள வர்றதைத் தடுக்காது. அரை இஞ்ச் கண்ணு இருக்கற வெல்ட் மெஷ் கேட்டு வாங்குங்க. கீரி, மரநாய், பூனை, சாரைப்பாம்பு எல்லாத்துக்கும் உங்க கோழி மேல ஆசை இருக்கு. தரையிலேர்ந்து ரெண்டடி தூக்கி, உள்ள உக்கார ஒரு கட்டை வெச்சு, ராத்திரிக்கு ஒரு கோழிக்கு ரெண்டு சதுரடி கணக்குப் பண்ணினா போதும். பகல்ல வெளிய மேயும். காத்து ஓடணும், ஆனா மழைச் சாரல் உள்ள வரக்கூடாது. கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது.

குஞ்சு வாங்கி வளர்க்கறீங்கன்னா முதல் வாரம் 35 டிகிரி சூடு வேணும். பழைய குண்டு பல்பு போதும். அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வாங்க. தெர்மாமீட்டரை விட குஞ்சுங்க சரியா சொல்லும். பல்புக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு இருந்தா குளிருது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்துக்கிட்டு இருந்தா சுடுது, பரவலா படுத்துத் தூங்குச்சுன்னா சரியா இருக்கு. தாய்க்கோழி இருந்தா இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அதோட உடம்பே 41 டிகிரி.

தீனிக்குக் கம்பு, சோளம், நொய்யரிசி, தவிடு. குஞ்சுகளுக்கு முதல் ரெண்டு மாசம் கடையில விக்கிற குஞ்சுத் தீவனம் குடுத்தா வளர்ச்சி நல்லா இருக்கும். அமுச்சி கிட்ட ஒரு ஃப்ரீ தீவனம் இருக்கு. பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, கொஞ்சம் ஓலை போட்டு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் கரையான் இருக்கற மண்ணுல கவுத்து வெச்சுடும். காலையில பானையைத் தூக்கினா உள்ள கரையான் மொய்க்கும். பூராவும் புரதம். குஞ்சுங்க அந்தப் பானை சத்தம் கேட்டாலே ஓடி வரும்.

நிற்க. இதுவரைக்கும் சொன்னதை எல்லாம் யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. இனிமேதான் விஷயம்.

எங்க தெருக் கடைசி வீட்டுல ஒரு பாட்டி. மகன் இல்ல, மகளைப் பக்கத்து ஊர்ல கட்டிக் குடுத்திருக்கு. பேத்தி பாட்டி கிட்ட இருந்து நர்சிங் படிக்குது. அந்தப் பொண்ணோட பஸ் செலவு, நோட்டு, மாசக் கடைசியில வர்ற எல்லாச் சில்லறைத் தேவைக்கும் பாட்டியோட ஏ.டி.எம். கோழிதான். நாட்டுக்கோழி உயிரோட கிலோ நானூறு ஐநூறுக்குப் போகுது. ஒரு சேவலை வித்தா அந்த மாசம் ஓடிடும். 2024 கோடையில பாட்டி கிட்ட பதினஞ்சு கோழி இருந்துச்சு. சீக்கு வந்துச்சு. ஒரே வாரத்துல பதினாலு போச்சு.

வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமா கழியும், கோழி தீனி எடுக்காது, இறக்கை தொங்கும், கழுத்து முறுக்கிக்கும். இங்கிலீஷ்ல நியூகாசில் நோய், நம்ம நாட்டுப் புத்தகங்கள்ல ராணிக்கேத் நோய். 1920-கள்ல இங்கிலாந்தோட நியூகாசில்லயும் குமாவுன் மலையில இருக்கற ராணிக்கேத்லயும் கண்டுபிடிச்சதால ரெண்டு ஊரும் பாவம் பேரைக் கெடுத்துக்கிச்சு. வைரஸ். வந்துட்டா மருந்து இல்ல. மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி எல்லாம் அரைச்சு உருட்டிக் குடுப்பாங்க, அது தெம்புக்கு. தடுப்பூசி போடாத கூட்டத்துல புகுந்தா மொத்தக் கூட்டமும் போயிடலாம்.

தப்பிச்ச அந்த ஒரு கோழி ஜூலையில அவயத்துக்கு உக்காந்துச்சு. பாட்டி அதைக் கூடையோட தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துச்சு. "எனக்கு இனி வேண்டாஞ்சாமி, பார்த்துப் பார்த்து வளர்த்திக் குழியில போடறதுக்கு. நீ வளர்த்தறேன்னயே, வெச்சுக்க. வர்ற குஞ்சுல பாதிக்குப் பாதி." அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கின பதினோரு முட்டையை அமுச்சி அதுக்கு அடியில வெச்சுது. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தோம். ஒம்பது முட்டையில சிலந்தி மாதிரி ரத்தக்குழாய் தெரிஞ்சுது, ரெண்டு வெறுமையா இருந்துச்சு. 21-ஆம் நாள் ஒம்பதும் பொரிஞ்சுது. நாப்பது நாள் கழிச்சு ஒண்ணைப் பருந்து தூக்கிட்டுப் போச்சு. மிச்சம் எட்டு. பாட்டிக்கு நாலு, எங்களுக்கு நாலு. அப்படித்தான் எங்க வீட்டுக் கோழி வளர்ப்பு ஆரம்பிச்சுது.

குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் முதல் தடுப்பு மருந்து, கண்ணுல ஒரு சொட்டு. லசோட்டான்னு ஒரு ரக மருந்து. குளிர்ச்சியிலயே இருக்கணும்னு தெர்மாஸ்ல ஐஸ் போட்டு, கோபி வரைக்கும் போய்க் கால்நடை மருந்துக் கடையில ஒரு குப்பி வாங்கிட்டு வந்தேன். லேபிள்ல பார்த்தா 100 டோஸ். இதுக்குக் கீழ சின்னக் குப்பி இருக்கான்னு கேட்டதுக்குக் கடைக்காரர் சிரிச்சார். பண்ணைக்காரங்களுக்கு ஆயிரம் டோஸ் குப்பி இருக்காம். நூறுதான் சின்னது.

மருந்து தூளா இருக்கும், கூட வர்ற தண்ணியில கலக்கணும். கலந்ததுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம்தான் உயிர். ஃபிரிட்ஜ்ல வெச்சு அடுத்த வாரம் போடற கதை எல்லாம் கிடையாது. எங்க கிட்ட ஒம்பது குஞ்சு. கலக்கறதுக்கு முன்னாடி தெருவுல சொல்லிப் பார்த்தேன். டெய்லர் அண்ணன் வீட்டுலேர்ந்து மட்டும் ஆறு குஞ்சைக் கூடையில எடுத்துட்டு வந்தாங்க. பதினஞ்சு சொட்டு போச்சு. மிச்சம் எண்பத்தஞ்சைக் கொதிக்க வெச்சுக் குழியில ஊத்தினேன்.

அதை ஊத்தும்போது எதிர்ல பாட்டி வீடு தெரியுது. பதினாலு கோழி செத்த வீடு. அப்பதான் ஒண்ணு உறைச்சுது. இந்த மருந்து நம்ம நாட்டுல பல பத்து வருஷமா இருக்கு. விலை ஒரு முட்டை விலைக்கு நூறு கோழிக்குப் போடற மாதிரி இல்லைன்னாலும், ஒரு கோழி விலையில பல குப்பி வாங்கலாம். அப்புறம் ஏன் வருஷா வருஷம் கோடையில தெருத் தெருவா கோழி சாகுது? மருந்து இல்லாததால இல்ல. குப்பி நூறு கோழிக்கு இருக்கு, வீட்டுல ஏழு கோழி இருக்கு. நடுவுல இருக்கற அந்த இடைவெளியில செத்துப்போகுது.

ரெண்டு மாசம் தாண்டின கோழிக்கு அடுத்த ஊசி. ஆர்.டி.வி.கேன்னும் ஆர்2பின்னும் சொல்றாங்க. ஆர்2பி நைனிடால் பக்கம் முக்தேசுவர்ல உருவான மருந்து. இறக்கைக்கு அடியில தோலுக்குக் கீழ அரை மில்லி. ஜனவரியில கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. "பிப்ரவரியில ரெண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வரும் தம்பி. ஊசி இலவசம்தான். ஆனா ஏழு கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க மனசு வராது. தெருவுல ஒரு எழுபது எண்பது கோழி சேர்த்துட்டுச் சொல்லுங்க. நாங்களே வர்றோம். ஒரு வாரம் முன்னாடி எல்லாத்துக்கும் பூச்சி மருந்து குடுத்துடணும். காலையில கோழியைத் திறந்து விடாம வெச்சிருக்கணும். அது உங்க பொறுப்பு."

நான் ஒரு நோட்டு எடுத்துக்கிட்டுத் தெருவுல இறங்கினேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு உருப்படியா பண்ணின முதல் டேட்டா கலெக்‌ஷன் அதுதான்.

முதல் வீட்டுலயே கேள்வி. "ஏனுங் தம்பி, ஈமு மாதிரி எதாச்சும் கம்பெனி ஆரம்பிக்கிறீங்களா?" சிரிக்காதீங்க. 2012-ல எங்க ஈரோடு மாவட்டத்துல ஈமு கோழி கம்பெனிகள்ல பணம் போட்டவங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. நான் அப்ப பத்தாவது. எங்க வகுப்புல ரெண்டு பையனுங்க வீட்டுலயே பணம் போச்சு. அதனால இந்தப் பக்கம் நோட்டோட வந்து கோழியைப் பத்திக் கேக்குறவனை யாரும் சும்மா நம்ப மாட்டாங்க. அமுச்சி கூட வந்ததால தப்பிச்சேன். "என்ற பேரனுங்க, காசு எல்லாம் கேக்க மாட்டான்"னு அமுச்சி சொன்னதுதான் எங்க ப்ராஜக்ட்டோட மொத்த மார்க்கெட்டிங்.

ரெண்டாவது கேள்விதான் கஷ்டமா இருந்துச்சு. "ஊசி போட்டா முட்டை நின்னு போயிடும்ல?" இதை மூடநம்பிக்கைன்னு தள்ளிடலாம்னு டாக்டரம்மா கிட்ட கேட்டா, அவங்க அப்படிச் சொல்லல. "உண்மைதான். இது கொஞ்சம் வீரியமான மருந்து. நாலஞ்சு நாள் கோழி சோர்வா இருக்கும், முட்டை குறையலாம். சொல்லிட்டே போடுங்க. மறைச்சுப் போட்டா அடுத்த வருஷம் யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க"ன்னாங்க. சொல்லிட்டே கேட்டேன். ரெண்டு வீட்டுல யோசிச்சுச் சொல்றேன்னாங்க, அப்புறம் சரின்னாங்க.

பதினோரு வீடு. ரெண்டு மாசம் தாண்டினது 86 கோழி. அதுல ஒம்பது கடைசி வீட்டுப் பாட்டியோடது. எங்க பங்குல போன நாலு, தாய்க்கோழி ஒண்ணு, மகள் வீட்டுலேர்ந்து குடுத்தனுப்பின நாலு. பாட்டி ஒத்துக்கவே இல்ல.

"எட்டு வருசத்துக்கு முந்தி இப்படித்தான் ஊசி போட்டாங்க. மூணாம் நாள் நாலு செத்துச்சு. ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அதுக்கும் காரணம் இருக்கு. ஏற்கெனவே உள்ளுக்குள்ள நோய் புகுந்த கோழிக்கு, வெளிய அறிகுறி தெரியறதுக்கு முன்னாடி ஊசி போட்டா, அது எப்படியும் செத்துடும். பழி ஊசி மேல விழும். நான் இதை மூணு நாள், மூணு விதமா சொல்லிப் பார்த்தேன். பாட்டி கேட்டுக்கிட்டே வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் சொல்றது எனக்குப் படிச்சது, பாட்டிக்கு அது கண்ணால பார்த்தது. அந்த நாலு கோழியும் அதோட கையில செத்தது.

முகாம் அன்னிக்குக் காலையில ஆறு மணி. பஞ்சாரத்தைத் திறக்காம எல்லா வீட்டுலயும் கோழி கத்திக்கிட்டு இருக்கு. டாக்டரம்மாவும் உதவியாளரும் பெட்டியோட வந்துட்டாங்க. மருந்தைக் கலந்த நிமிஷத்துலேர்ந்து கடிகாரம் ஓடுது. ரெண்டு மணி நேரம், எண்பது சொச்சம் கோழி, ஒரு கோழிக்கு ஒண்ணரை நிமிஷம். ஒரு நாளும் எங்க டீம் இவ்வளவு சுத்தமா ஒரு ரிலீஸ் பண்ணினது இல்ல. டெய்லர் அண்ணன் பிடிச்சுக் குடுக்க, பால்காரர் வீட்டு அக்கா ஊசி போட்டதுக்குச் சாயம் வைக்க, சின்னப் பசங்க தப்பிச்ச கோழியைத் துரத்த, நான் நோட்டுல கோடு போட்டுக்கிட்டே வந்தேன்.

கடைசி வீட்டுக்கு வரும்போது அரை மணி நேரம் மிச்சம் இருந்துச்சு. பாட்டி திண்ணையில உக்காந்திருந்துச்சு. கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துட்டுச் சொல்லுச்சு. "உன்ற ஊட்டுல இருந்து வந்த நாலுக்குப் போடு. தாய்க்கோழியும் என்ற மக குடுத்த நாலும் வேண்டாம். பாக்கலாம்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நாங்க ஆபீஸ்ல ஏ.பி. டெஸ்டிங்னு பேர் வெச்சு மாசக்கணக்கா மீட்டிங் போட்டுப் பண்றதைப் பாட்டி ஒரு வெத்தலை நேரத்துல முடிவு பண்ணிடுச்சு. இருந்தாலும் அந்த அஞ்சுக்கும் போட்டுடலாம் பாட்டின்னு இன்னொரு தடவை சொன்னேன். டாக்டரம்மா, "விடுங்க தம்பி, அவங்க கோழி"ன்னாங்க. நாலுக்குப் போட்டோம். மொத்தம் 81. குப்பியில பத்தொம்பது மிச்சம்.

2025 மே மாசம் ஊர் மாரியம்மன் பண்டிகை. எல்லா வீட்டுலயும் விருந்தாளி. விருந்துக்குன்னு வெளியூர்லேர்ந்து கோழிகள் வந்துச்சு. அறுத்த கோழியோட இறகும் குடலும் குப்பைமேட்டுல கிடந்துச்சு, மேயப்போன கோழிங்க அதைக் கிளறுச்சு. பத்து நாள்ல பக்கத்துத் தெருவுல ஆரம்பிச்சுது. அப்புறம் எங்க தெரு.

ஊசி போட்ட 81-ல விருந்துக்கும் விலைக்கும் போனது போக மிச்சம் எல்லாம் நின்னுச்சு. டெய்லர் அண்ணன் வீட்டுல முகாமுக்கு அப்புறம் பொரிச்ச ஏழு குஞ்சு போச்சு. பாட்டி வீட்டுல மகள் குடுத்த நாலும் மூணு நாள்ல போச்சு. தாய்க்கோழிக்கு ஒண்ணும் ஆகல. அது போன வருஷமே நோயைக் கண்டு தப்பிச்சது, உடம்புல எதிர்ப்பு இருந்திருக்கும். நாலு கோழின்னா பேத்தியோட ஒரு மாசத்து செலவு. நான் சொன்னது சரியாப் போச்சேன்னு ஒரு துளி சந்தோஷம் வரல. அந்த நாலையும் புதைக்க நானும் டெய்லர் அண்ணனும்தான் குழி தோண்டினோம். ஆழமா தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடினோம்.

மறுநாள் காலையில பாட்டி வந்துச்சு. நான் கால்ல இருந்தேன், மியூட் போட்டேன்.

"நாலு நிக்குது கண்ணு. உன்ற ஊட்டு நாலு."

ஆமாங் பாட்டின்னேன்.

"அடுத்த ஊசி எப்ப?"

இதுக்கு அப்புறம் தெருவுல நடந்ததுதான் எனக்கு இந்தப் பதிவு எழுதற தைரியத்தைக் குடுத்துச்சு. பெரியகோழிக்கு முகாம் இருக்கு, சரி. குஞ்சுகளுக்கு? ஒவ்வொரு வீட்டுலயும் ஒவ்வொரு நாள் பொரிக்குது. ஏழாம் நாள் சொட்டு மருந்துக்கு ஒவ்வொரு தடவையும் நூறு டோஸ் குப்பியை உடைக்க முடியாது. இதுக்கு வழி சொன்னது நான் இல்ல, அமுச்சி. "எல்லாரும் ஒரே வாரத்துல அவயம் வெச்சா ஒரே வாரத்துல பொரிக்குமல்ல?"

அவ்வளவுதான். அடைக்கு வைக்கிற முட்டை ஒரு வாரம் வரைக்கும் நிழலான இடத்துல தாங்கும். அவயத்துக்கு உக்காந்த கோழியை ரெண்டு மூணு நாள் வெறும் முட்டையில உக்கார வெச்சுக் காத்திருக்கலாம். ஒரு வீட்டுக் கோழி உக்காரலைன்னா அந்த வீட்டு முட்டையை அடுத்த வீட்டுக் கோழிக்கு வைக்கலாம், சிறுவிடைக்கு அடியில பத்துப் பன்னெண்டு தாங்கும். இப்ப எங்க தெருவுல குஞ்சு பொரிக்கிறது தனித்தனியா இல்ல, தெருவே சேர்ந்து பொரிக்குது. ஒரு குப்பி, ஒரு தெர்மாஸ், ஒரு காலை நேரம், அறுபது எழுபது குஞ்சு. காசை வீட்டுக்கு வீடு பிரிச்சா டீ செலவு கூட வராது. வெளியூர்லேர்ந்து வர்ற எந்தக் கோழியும் ரெண்டு வாரம் தனிக்கூண்டு, அறுத்தா இறகும் குடலும் குழியில. இது எழுதப்படாத சட்டம்.

அதனால கோழி வளர்க்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். கூண்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு உங்க தெருவுல நடங்க. யார் வீட்டுல எத்தனை கோழி இருக்குன்னு எழுதுங்க. எண்பது, நூறு தேறுச்சுன்னா மருந்தகத்துல போய்ப் பேசுங்க. பத்துதான் தேறுதுன்னா பக்கத்துத் தெருவுக்கும் நடங்க. உங்க கோழி உங்க வேலிக்குள்ள இருக்கும். சீக்குக்கு வேலி தெரியாது.

தேதி எல்லாம் இப்ப அமுச்சி வீட்டு தினசரிக் காலண்டர்லதான். அவயம் வெச்ச நாள், பொரிக்கிற நாள், சொட்டு மருந்து நாள், எல்லாத்துக்கும் மஞ்சள் பொட்டு. வாரத்துக்கு ஒருக்கா கடைசி வீட்டுப் பாட்டி வந்து அதை சரிபார்க்குது. எழுத்துத் தெரியாது, பொட்டை எண்ணும். போன தடவை எண்ணிட்டு, "ஒண்ணு குறையுதே, யாரு ஊடு?"ன்னு கேட்டு, நேரா அந்த வீட்டுக்குக் கிளம்பிடுச்சு.

பி.கு.: எங்க சேவலை எப்ப அறுக்கப் போறீங்கன்னு டீம்ல தினமும் கேக்குறாங்க. அமுச்சி அதுக்குப் பேர் வெச்சுடுச்சு மக்களே. இனி ஒண்ணும் பண்ண முடியாது. :-)